வெள்ளிக்கிழமை மட்டும் பேசாத மனுசன்

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்க தாயி. எனக்கு வேணாம். ஜன்னல்ல உக்காந்தா பராக்குப் பாத்துக்கிட்டே இறங்க வேண்டிய இடத்தை விட்டுருவேன். செங்குளம் விலக்குல இறங்கணும். கொடைரோடு தாண்டி, ரோட்டோரமா வரிசையா கொய்யாப்பழம் விப்பாங்களே, அந்த இடம். கண்டக்டர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

நான் அதிகம் பேசுறவ இல்ல. பஸ்ல ஏறினா கண்ணை மூடிக்கிட்டு வந்துருவேன். இன்னைக்கு என்னமோ வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. உன்னை நான் இனிமே பாக்கப் போறதில்ல, நீயும் என்னைப் பாக்கப் போறதில்ல. அந்தத் தைரியம்தான்.

மதுரைக்குத்தான் போறேன். ஜெயிலுக்கு. அப்படிப் பாக்காத தாயி, எங்க வீட்டுக்காரர் களவாணி இல்ல. கார்ல போறப்ப ஒருத்தர் மேல இடிச்சுட்டாரு. அந்த மனுசன் செத்துப்போனாரு. ஒரு வருசம் போட்டுட்டாங்க. அஞ்சு மாசம் முடிஞ்சிருக்கு. பதினஞ்சு நாளைக்கு ஒரு சனிக்கிழமை போயிப் பாத்துட்டு வர்றேன்.

செத்தவரோட வீட்டுக்காரி அந்த விலக்குலதான் கூடை வச்சு உக்காந்திருக்கா. பஞ்சவர்ணம்னு பேரு. அவகிட்ட ஒண்ணு சொல்லணும். போன மூணு தடவையும் சொல்லிரணும்னு நினைச்சுத்தான் பஸ் ஏறினேன். அவ முகத்தைப் பாத்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், பஸ் போயிருச்சு. அதான் இன்னைக்கு டிக்கெட்டையே விலக்கு வரைக்கும் எடுத்துட்டேன். இறங்கி, சொல்லிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயிரணும். பதினோரு மணிக்குள்ள மனு எழுதிக் குடுத்தாத்தான் அவரைப் பாக்க விடுவாங்க.

என்ன சொல்லணும்னு கேக்குறியா? மொட்டையா சொன்னா புரியாது. முதல்ல இருந்து சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் இருபத்தாறு வருசம் லோடு வண்டி ஓட்டினவரு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இருந்து கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோவாரு. ஒரு கோழிக்குஞ்சை அடிச்சதில்ல. வண்டியில ஏறி உக்காந்தா கண்ணு ரோட்டை விட்டு நகராது, வாயும் திறக்காது. கல்யாணமான புதுசுல பழனிக்குக் கூட்டிட்டுப் போனாரு. வழியெல்லாம் நான் பேசிக்கிட்டே வர்றேன், ஒரு 'ம்' கூட வரலை. இறங்கினப்புறம், "நான் பேசினது காதுல விழுந்துச்சா"ன்னு கேட்டேன். "வண்டி ஓட்டுறப்ப பேசாத தனபாக்கியம்"னாரு. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தா தூக்கம். எந்திரிச்சா வண்டி. அப்ப எப்பத்தான் பேசுறது?

எங்களுக்கு முதல்ல பொண்ணு பிறந்துச்சு. மூணு நாள்தான் இருந்துச்சு. துணியில சுத்தி அவரு கையில குடுத்தாங்க. கொண்டுபோனாரு, திரும்பி வந்தாரு, குளிச்சாரு, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரு சொட்டுக் கண்ணீரை நான் பாக்கலை. இந்த மனுசனுக்கு நெஞ்சுல ஈரமே இல்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இருபத்தஞ்சு வருசம் அந்த முடிவோடதான் அவருக்குச் சோறு போட்டேன்.

அப்புறம் பிறந்தவன் திலீபன். பெங்களூர்ல இருக்கான். அவன்தான் போன வருசம் ஆவணியில அந்தக் காரை வாங்கிக் குடுத்தான். அப்பாவுக்கு மூட்டு வலி, லோடு வண்டியை விட்டுட்டாரு, சும்மா உக்காந்திருந்தா மனசு கெட்டுப்போகும்னு வாங்கினான். சாதாக் காரு இல்ல தாயி. ரோட்டுல கோடு போட்டிருந்தா அந்தக் கோட்டுக்குள்ளயே தானாப் போகும். முன்னாடி வண்டி நின்னா தானா நிக்கும். குறுக்க ஆடு வந்தாலும் நிக்கும். "ஆனா கையை எடுக்காதீங்கப்பா, கண்ணை எடுக்காதீங்க, இது ஒத்தாசைக்குத்தான்"னு நூறு தடவை சொன்னான். ஷோரூம்காரத் தம்பியும் காருக்கு முன்னாடி நின்னு ஒவ்வொண்ணா விளக்கிச் சொன்னாரு. அந்த நேரத்துல நான் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாத்துக்கும் தலையை மட்டும் ஆட்டினேன்.

முதல் மாசம் அவரு அந்தக் காரை நம்பவே இல்ல. புது மருமகளை அடுப்படியில விட்ட மாமியா மாதிரி, அது பாட்டுக்கு ஓடும், இவரு காலைப் பிரேக்குக்கு மேலயே வச்சுக்கிட்டு வருவாரு. "இது நிக்காதுடி, நிக்காதுடி"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருப்பாரு. ஒரு நாள் வேடசந்தூர் பக்கம் முன்னாடி போன லாரி சடக்குன்னு நின்னுச்சு. இவரு காலை அழுத்துறதுக்கு முந்தியே காரு நின்னுருச்சு. ஓரமா நிறுத்திட்டு, இறங்கி, காரை ஒரு சுத்துச் சுத்தி வந்து பாத்தாரு. திரும்ப ஏறி, "என்னைவிட நல்லா ஓட்டுது"ன்னாரு. அன்னைக்கு இருந்து கொஞ்சம் கொஞ்சமா காலைத் தரையில வைக்க ஆரம்பிச்சாரு.

அப்புறந்தான் தாயி அந்த மனுசன் பேச ஆரம்பிச்சாரு.

நீ நம்ப மாட்ட. முதல்ல ரோட்டைப் பாத்துக்கிட்டே பேசினாரு. அப்புறம் நடுவுல நடுவுல என் பக்கம் திரும்புவாரு. அப்புறம் நல்லாவே என்னைப் பாத்து, கையை ஆட்டி, சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரு. ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைத் தொடாம இருந்தா அது கிணுகிணுன்னு சத்தம் போடும், ஒரு விரலை வச்சு எடுத்துட்டு மறுபடி பேசுவாரு. கேரளாவுல மழையில மாட்டினது, மார்க்கெட்டுல சண்டை போட்டது, எங்க மாமனார் அவரை அடிச்சது, எல்லாம் சொன்னாரு. வேலையே இல்லாம கிளம்புவோம். காப்பி குடிக்கத் திண்டுக்கல் வரைக்கும் போயிருக்கோம்னா பாத்துக்க. எனக்கு அம்பத்திரண்டு வயசு. அந்த வயசுல நான் கண்ணாடி பாத்துப் பூ வச்சுக்கிட்டேன்.

ஐப்பசியில ஒரு நாள் அந்தப் பிள்ளையைப் பத்திப் பேசினாரு. நான் கேக்கலை, அவராச் சொன்னாரு. புதைக்கிறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாராம். கையெல்லாம் மண்ணோட வீட்டுக்குள்ள வந்தா நான் பாத்துருவேன்னு கம்மாயில கழுவிட்டு வந்தாராம். அன்னைக்கு வண்டி எடுத்துட்டுப் போனது லோடுக்கு இல்லையாம். ஊருக்கு வெளிய நிறுத்திட்டு அழுதாராம். காரு பாட்டுக்குப் போயிக்கிட்டே இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே போனோம். அந்தக் காருக்கு நான் கோயில் கட்டியிருப்பேன் தாயி, அம்புட்டு நன்றி எனக்கு.

அதனாலதான் வெள்ளிக்கிழமையானா அதுக்கும் பூசை போடுவேன். காரு முன்னாடி நடுவுல வட்டமா கம்பெனி மார்க்கு இருக்குமே, பளபளன்னு, பிள்ளையார் நெத்தி மாதிரி. அது முழுக்கச் சந்தனத்தைக் கெட்டியா அப்பி, நடுவுல குங்குமம் வைப்பேன். அதை வச்ச அன்னைக்குக் காருக்குள்ள மஞ்சள் விளக்கு எரியும், டிங் டிங்குன்னு ரெண்டு தடவை சத்தம் வரும். அவரு உடனே ஈரத்துணியை எடுத்துட்டுப் போயித் துடைச்சிருவாரு. ரெண்டு வாரம் பொறுத்தேன். மூணாவது வாரம் சண்டை போட்டேன். பொட்டை அழிக்கிற ஆம்பளையை எங்கயாச்சும் பாத்திருக்கியா? "உங்க கையால பொட்டை அழிக்காதீங்க, அது எனக்குத்தான் ஆகாது"ன்னு அழுதேன். "அது காருக்குக் கண்ணுடி, அதுக்குப் பின்னாடிதான் கண்ணு இருக்கு"ன்னாரு. "கண்ணுக்கு மேலதான எல்லாரும் பொட்டு வைக்கிறோம்"னு நான் சொன்னேன். சிரிச்சுட்டாரு. "சரி விடு, வெள்ளிக்கிழமை ஒரு நாள் நானே ஓட்டிக்கிறேன்"னாரு. ஜெயிச்சுட்டேன்னு எனக்குச் சந்தோசம்.

அதுல இருந்து வெள்ளிக்கிழமையானா மனுசன் பழையபடி ஆயிருவாரு. காலு பிரேக்குல, கண்ணு ரோட்டுல, வாயில பூட்டு. எனக்குப் புரியலை. என்னடா இது, ஆறு நாளு பேசுறாரு, ஏழாவது நாளு விரதமான்னு கோவம் வரும். ஆனா நான் நச்சரிக்கிறவ இல்ல தாயி. பொறுத்துத்தான் போவேன்.

தை மாசம் மூணாவது வெள்ளிக்கிழமை. நாத்தனார் மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க மதுரைக்குக் கிளம்பினோம். இதே ரோடுதான். அன்னைக்குத்தான் அந்தப் பிள்ளை பிறந்த நாளு. வருசா வருசம் நான் மட்டும் நினைச்சுக்கிட்டு இருந்த நாளு. இப்பத்தான் சேர்ந்து நினைக்க ஒரு ஆளு கிடைச்சிருச்சே. "இருந்திருந்தா இன்னைக்கு இருபத்தஞ்சு முடியும்"னேன். பதில் இல்ல. மறுபடி சொன்னேன். பதில் இல்ல. கொடைரோடு வரைக்கும் பொறுத்தேன். அதுக்கு மேல முடியலை. "மத்த நாளெல்லாம் ஊர்க்கதை பேசுறீங்க, பெத்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை இல்லையா, உங்க நெஞ்சு கல்லுதானா"ன்னு கேட்டுட்டேன்.

அவரு என் பக்கம் திரும்பினாரு. "பேரு யோசிச்சு வச்சிருந்தேன் தனபாக்கியம்"னாரு. கண்ணெல்லாம் தண்ணி. "என்ன பேரு"ன்னு கேட்டேன். அவரு வாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நான் அவரைப் பாத்தேன், அவரு என்னைப் பாத்தாரு. ரோட்டை யாரும் பாக்கலை.

சத்தந்தான் கேட்டுச்சு. பட்டப்பகல். ராக்கப்பன்னு அவரு பேரு, பின்னால தெரிஞ்சுக்கிட்டோம். மொபட்டுல ரெண்டு பக்கமும் கொய்யாப் பெட்டியைக் கட்டி, தள்ளிக்கிட்டு ரோட்டைக் கடந்திருக்காரு. நான் குனிஞ்சு பாக்குறேன், எங்க வீட்டுக்காரர் காலு பிரேக்குல இல்ல. தரையில அப்படியே கிடக்கு, தூங்குறவர் காலு மாதிரி. இருபத்தாறு வருசம் பிரேக்கை மிதிச்ச காலு தாயி.

இவரே ராக்கப்பனைத் தூக்கிப் பின்சீட்டுல என் மடியில படுக்க வச்சாரு. அவரே ஓட்டினாரு. ஆஸ்பத்திரி வாசல் போறதுக்குள்ள என் மடியிலயே உசுரு போயிருச்சு. உள்ள கொண்டுபோனதும் இவரு வெளிய வந்து, துண்டை நனைச்சு, காரு முன்னாடி மண்டி போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சாரு. ரத்தத்தைத் துடைக்கிறாருன்னு நினைச்சேன். கிட்டப் போயிப் பாத்தா துண்டு மஞ்சளா இருந்துச்சு. அப்பவும் எனக்கு உறைக்கலை. அந்தத் துண்டை அவரே துவைச்சாரு. கட்டின நாள்ல இருந்து ஒரு கர்சீப் துவைக்காத மனுசன்.

போலீஸ் வந்துச்சு. "பாக்கலைங்க, என் தப்பு"ன்னாரு. வண்டியைச் சோதிச்ச இன்ஸ்பெக்டர், பிரேக் நல்லா இருக்குன்னு எழுதிட்டாரு. திலீபன் பெரிய வக்கீலா வச்சான். வக்கீல் தலையால அடிச்சுக்கிட்டாரு. "தானா நிக்க வேண்டிய காரு ஏன் நிக்கலை, அதைக் கேப்போம், கம்பெனிக்காரனை வரச் சொல்வோம்"னாரு. இவரு முடியவே முடியாதுன்னுட்டாரு. "காரு மேல தப்பில்ல. நான் பாக்கலை. காரை யாரும் பிரிச்சுப் பாக்க வேணாம்." ஜட்ஜ் கேட்டப்பவும் அதேதான். நான் கோர்ட்டுலயே கத்தினேன், இப்படியா ஒரு மனுசன் தன் வாயாலயே ஜெயிலுக்குப் போவான்னு. ஊரெல்லாம் அதைத்தான் சொல்லித் திரிஞ்சேன். பைத்தியக்கார மனுசன், வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல திறக்க மாட்டாரு, மூட வேண்டிய நேரத்துல மூட மாட்டாருன்னு.

கோர்ட்டு வாசல்லதான் பஞ்சவர்ணத்தைப் பாத்தேன். அவ அழலை. நேரா அவருகிட்ட வந்தா. "நாய் குறுக்க வந்தாக்கூட நிக்கிற காராமே அது. என் மனுசனுக்கு மட்டும் ஏன் நிக்கலை? நாயைவிடக் கேவலமாப் போயிட்டாரா? வேணும்னுதான இடிச்ச?"ன்னு கேட்டா. அவரு கையெடுத்துக் கும்பிட்டு, "பாக்கலைம்மா"ன்னாரு. அவ காறித் துப்பினா. அவரு துடைக்கக்கூட இல்ல. நான் பக்கத்துல நின்னேன். அவளை நாலு வார்த்தை திட்டினேன்னு நினைக்கிறேன். ஆமா, திட்டினேன்.

ரெண்டு மாசத்துக்கு முந்தி திலீபன் அந்தக் காரை விக்கிறதுக்காகக் கம்பெனிக்குக் கொண்டுபோனான். அங்க இருந்து போன் போட்டான். காருக்குள்ள எல்லாம் பதிவாகி இருக்குமாம். "அம்மா, முன்னாடி இருக்கிற கண்ணு மறைஞ்சிருக்குன்னு காரு நிறையத் தடவை சொல்லியிருக்கு. தேதியைப் பாத்தா எல்லாம் வெள்ளிக்கிழமை. அடிபட்ட அன்னைக்கும் சொல்லியிருக்கு. கண்ணு மறைஞ்சா அது தானா நிக்காதும்மா. அது ஏம்மா வெள்ளிக்கிழமை மட்டும்?"ன்னு கேட்டான்.

நான் அப்பத்தான் சந்தனம் அரைச்சுக்கிட்டு இருந்தேன். "எனக்கென்னடா தெரியும்"னு சொல்லி வச்சுட்டேன்.

கையைக் கழுவிட்டு உக்காந்தேன். ஒவ்வொண்ணா வந்துச்சு. வெள்ளிக்கிழமை ஏன் பேச மாட்டாருன்னு புரிஞ்சுச்சு. அன்னைக்குக் காருக்குக் கண்ணு கிடையாது, அதுக்கும் சேத்து அவருதான் பாக்கணும். பேசிப் பேசி, அழ வச்சு, அன்னைக்கு வெள்ளிக்கிழமைங்கிறதையே நான் மறக்க வச்சுட்டேன். காலு மத்த நாளு பழக்கத்துல கிடந்திருக்கு, காரே நிறுத்திக்கிரும்னு. உள்ள போன முதல் மாசத்துல கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரு தடவை சொன்னாரு, "காலு காத்துக்கிட்டு இருந்துச்சு தனபாக்கியம்"னு. எதுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சுன்னு நான் கேக்கலை.

காரை யாரும் பிரிச்சுப் பாக்க வேணாம்னாரே, அது ஏன்னும் புரிஞ்சுச்சு. அவரு உள்ள போனது அந்த ராக்கப்பனுக்காக மட்டும் இல்ல தாயி. எனக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு. தெரிஞ்சா நான் தாங்க மாட்டேன்னு. நெஞ்சுல ஈரம் இல்லாத மனுசன்னு நான் சொன்ன ஆளு.

இப்ப ஒவ்வொரு தடவையும் கேக்குறாரு, "வெள்ளிக்கிழமை பூசையெல்லாம் விடாமச் செய்யிறியா?"ன்னு. முகத்தையே பாப்பாரு. செய்யிறேங்கன்னு சொல்றேன். நிம்மதியாத் தலையை ஆட்டுவாரு. செய்யலைன்னு சொன்னா கண்டுபிடிச்சிருவாரு. அரைச்ச சந்தனம் அன்னைக்கு வச்ச இடத்துலயே காய்ஞ்சு கிடக்கு. அவருக்குத் தெரியக் கூடாதுன்னு நான் நடிக்கிறேன், எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவரு நடிக்கிறாரு. பத்து நிமிசம் முடிஞ்சதும் மணி அடிச்சிருவாங்க. அந்தப் பிள்ளைக்கு யோசிச்ச பேரை இன்னும் சொல்லலை. நானும் கேக்கலை. எந்த வாயால கேக்க?

இப்படியே இருந்துட்டுப் போயிரலாம்னுதான் பாத்தேன். ஆனா பஞ்சவர்ணம் அங்க உக்காந்திருக்காளே. தன் மனுசன் நாயைவிடக் கேவலமாப் போயிட்டாருன்னு நினைச்சுக்கிட்டே கொய்யா விக்கிறா. அப்படி இல்லடி ஆத்தா, உன் மனுசன் மேல கேவலம் இல்ல, அந்தக் காரு கண்ணை மறைச்சவ நான்தான், என் மூஞ்சியில துப்புன்னு சொல்லணும். எனக்கு ஒப்பிக்கிற மாதிரி மனப்பாடம் ஆயிருச்சு. ஆனா எதிர்ல போயி நின்னா வருமான்னுதான் தெரியலை. உன்கிட்டச் சொல்லிப் பாத்தேன்ல, வருது.

இது என்ன டோல்கேட்டா? எந்த டோல்கேட்டு? ஏங்க கண்டக்டரு, செங்குளம் விலக்கு? தாண்டி எம்புட்டு நேரமாச்சு? நான் சொல்லி வச்சிருந்தேனே. கத்தினீங்களா? எனக்குக் கேக்கலையே. பேசிக்கிட்டே வந்ததுல கவனிக்கலைங்க.

நீயாச்சும் பாத்திருக்கலாம்ல தாயி, ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு. இல்ல, உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. கதையில நீயும் என் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு வந்த.

மணி பத்தாகப் போகுது. நடந்து திரும்பிப் போனா முக்கால் மணி நேரம், எதிர் பஸ்ஸுக்கு நின்னாலும் அம்புட்டுத்தான். அப்புறம் பஸ்ஸைப் பிடிச்சு மதுரைக்குப் போக முடியாது, மனு நேரம் முடிஞ்சிரும். சாயங்காலம் திரும்பி வர்றப்ப பஞ்சவர்ணம் கூடையை எடுத்துட்டுப் போயிருப்பா. பேசாம மதுரைக்கே ஒரு டிக்கெட் எடுத்துட்டு, அடுத்த தடவை இறங்கிக்கலாமான்னு தோணுது. அடுத்த தடவையும் எவளாச்சும் ஒருத்தி பக்கத்துல உக்காந்திருப்பா, நானும் பேசிக்கிட்டே போயிருவேன்.

நான் போகலைன்னா அவரு கம்பிக்கிட்ட நின்னு எல்லார் முகத்தையும் பாத்துக்கிட்டு இருப்பாரு. மனு போட்டவங்க பேரையெல்லாம் கூப்பிட்டு முடிப்பாங்க. இந்த அஞ்சு மாசத்துல ஒரு சனிக்கிழமை நான் தப்பினதில்ல. காய்ச்சலோடகூடப் போயிருக்கேன். என் பேரு வரலைன்னா அவருக்குப் புரிஞ்சிரும் தாயி, எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு. அவரு உள்ள போனதுக்கே அர்த்தமில்லாமப் போயிரும். இன்னைக்கு அந்தக் கம்பிக்குப் பின்னால அழுவாரு. அழட்டும். நானும் அங்க ரோட்டுல அழுதுக்கிட்டுத்தான் இருப்பேன்.

கண்டக்டரு, வண்டியை ஓரங்கட்டுங்க. நான் இறங்கிக்கிறேன்.